மறுக்கும் குரல்: கிறிஸ்டினா ரொசெட்டியின் கவிதைகள்

1848 டிசம்பர் 12 அன்று ஆங்கிலக் கவிஞர் கிறிஸ்டினா ரொசெட்டி பதினாறு அடிகளில் ஒரு பாட்டு எழுதினார். பதினெட்டு வயது முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தான் இறந்த பிறகு தனக்காகத் துயரப்பாட்டு பாட வேண்டாம், கல்லறையில் பூச்செடி வைக்க வேண்டாம் என்று ஒரு பெண் தன் காதலனிடம் சொல்வதாக அமைந்த பாட்டு அது. விருப்பமானால் அவன் தன்னை நினைக்கட்டும், இல்லையென்றால் மறக்கட்டும் என்கிறாள். இத்தோடு முடிந்திருந்தால் அக்கால ஆங்கிலப் பத்திரிகைகளில் மலிந்துகிடந்த சோகப்பாட்டுகளில் ஒன்றாகப் போயிருக்கும். ஆனால் கடைசியில் அவள் தன்னைப் பற்றியும் அதையே சொல்லிவிடுகிறாள். தானும் அவனை நினைக்கக்கூடும், மறந்தும் போகக்கூடும். மறக்கும் உரிமையை அவன் கையில் மட்டும் விட்டுவிட அவளுக்கு மனமில்லை.

இதை எழுதிய காலத்தில் கிறிஸ்டினாவுக்கும் ஓவியர் ஜேம்ஸ் காலின்சனுக்கும் திருமணம் பேசி முடிவாகியிருந்தது. அந்த உறவு நீடித்த நாட்களிலேயே, 1849 ஜூலையில், பிரிவையும் மறதியையும் பொருளாகக் கொண்ட 'ரிமெம்பர்' என்ற சானெட்டையும் எழுதினார். உறவு முறிந்தது 1850இல்தான். கிறிஸ்டினாவுக்காகக் கத்தோலிக்கத்தை விட்டு ஆங்கிலத் திருச்சபைக்கு வந்திருந்த காலின்சன் மீண்டும் கத்தோலிக்கத்துக்கே திரும்பியது அதற்குக் காரணம். இதற்கு நேர்மாறாக, காதல் வந்து சேர்ந்த களிப்பைக் கொட்டித்தீர்க்கும் 'எ பர்த்டே' 1857 நவம்பரில் எழுதப்பட்டது. அப்போது அவர் வாழ்வில் காதலர் எவரும் இருந்ததற்குத் தடயம் இல்லை. மொழிபெயர்ப்பாளர் சார்ல்ஸ் கேய்லி மணம் கேட்டதும் கிறிஸ்டினா மறுத்ததும் 1866இல்.

இவ்வளவு துல்லியமாகத் தேதிகள் தெரிவதற்குக் காரணம், அவர் கவிதைகளை நோட்டுப்புத்தகங்களில் தேதியிட்டு எழுதிவைத்ததும், அண்ணன் வில்லியம் மைக்கேல் 1904இல் வெளியிட்ட தொகுப்பில் அந்தத் தேதிகளை அச்சிட்டதும்தான். அப்படியிருந்தும் காதலில் தோற்று, மணமாகாமல், சோகத்தைக் கவிதையாக்கிய பெண் என்ற கதை அவரைப் பற்றி நூறாண்டுக்கும் மேலாக ஓடியது. 1963இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு ஒன்றில் லோனா மாஸ்க் பேக்கர், கவிதைகளையே சான்றாக வைத்துக்கொண்டு, வில்லியம் பெல் ஸ்காட் என்ற மணமான ஓவியரைக் கிறிஸ்டினாவின் இரகசியக் காதலராக்கினார். பின்வந்த ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் ஒரு பெண் எழுதிய காதல் கவிதைக்குப் பின்னால் ஓர் ஆண் நின்றே தீரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு வலுவானது என்பதற்கு அந்த நூல் நல்ல சாட்சி. அகப்பாட்டில் வரும் தலைவி கூற்றைப் புலவரின் சொந்தக் கதையாக நாம் படிப்பதில்லை. அந்தப் பயிற்சியோடு ரொசெட்டியை அணுகினால், வாழ்க்கை வரலாறு மறைத்துவைக்கும் பல விஷயங்கள் கண்ணில் படும்.

துறவு, மரணம், காத்திருப்பு, இரகசியம், சகோதரிகள், இறைவன் என்று அவர் திரும்பத் திரும்பத் தொடும் பாடுபொருள்களைப் பட்டியலிடுவது எளிது. பாடநூல்கள் அதைத்தான் செய்கின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது இவற்றை இணைக்கும் ஒரு செயல். ஒரு பெண்ணிடம் பிறர் ஏதோ கேட்கிறார்கள்: அன்பை, முகத்தை, இரகசியத்தை, கண்ணீரை, சில நேரம் அவளையே. அவள் தர மறுக்கிறாள். மறுக்கும் அந்தக் கணத்தில்தான் அவளுடைய குரல் முதன்முதலாகத் தெளிவாகக் கேட்கிறது.

இந்தக் கவிதைகள் எழுந்த வீட்டையும் பார்க்க வேண்டும். தந்தை கேப்ரியேல் ரொசெட்டி நேப்பிள்ஸ் அரசியலில் அரசமைப்புச் சட்டத்துக்காகக் குரல்கொடுத்து நாட்டைவிட்டு வெளியேறியவர். 1824இல் லண்டன் வந்தார், 1831இல் கிங்ஸ் கல்லூரியில் இத்தாலியப் பேராசிரியரானார். தாய் பிரான்சஸ், 'தி வேம்பயர்' கதையை எழுதிய ஜான் பொலிடோரியின் சகோதரி. நான்கு பிள்ளைகளில் கடைசியாக 1830 டிசம்பர் 5இல் பிறந்தவர் கிறிஸ்டினா. அந்த வீட்டின் காற்றிலேயே இத்தாலியக் கவி தாந்தே கலந்திருந்தார். அக்கா மரியா தாந்தேயைப் பற்றி நூல் எழுதினார். வில்லியம் நரகப் படலத்தை மொழிபெயர்த்தார். பெரிய அண்ணன் தாந்தே கேப்ரியேல் அந்தக் கவியின் பெயரையே தன் பெயரின் முன்னால் கொண்டுவந்தார். கேய்லியும் தாந்தேயை மொழிபெயர்த்தவர், தந்தையிடம் பாடம் கேட்டவர். தந்தையின் ஆய்வோ விசித்திரமானது. தாந்தேயின் காவியம் போப்பாண்டவருக்கு எதிரான மறைகுறிகளால் ஆனது, அதில் வரும் காதலி பியாத்ரிச்சே உண்மையான பெண்ணே அல்ல, ஒரு குறியீடு என்று அவர் ஆயிரக்கணக்கான பக்கங்களில் நிறுவ முயன்றார். மகன் தாந்தே கேப்ரியேலோ, மனைவி எலிசபெத் சிடால் இறந்த பிறகு அவள் முகத்தையே பியாத்ரிச்சேயாகத் தீட்டினார். தந்தைக்கு அவள் சங்கேதம், மகனுக்கு ஓவியப் பொருள். அவளுக்குப் பேச வாய் உண்டு என்ற நினைப்பு அந்த வீட்டில் இளைய மகளுக்குத்தான் வந்தது.

1848இல் தாந்தே கேப்ரியேலும் நண்பர்களும் தொடங்கிய ப்ரீ-ரபேலைட் சகோதரர் குழுவில் ஏழு பேர், எல்லோரும் ஆண்கள். வில்லியமும் காலின்சனும் அதில் இருந்தார்கள். அவர்களுடைய 'தி ஜெர்ம்' இதழில் 1850இல் எலன் அலீன் என்ற புனைபெயரில் கிறிஸ்டினாவின் கவிதைகள் வந்தன. குழுவுக்கு அவர் மாடலாகவும் பயன்பட்டார். அண்ணனின் முதல் பெரிய ஓவியத்தில் கன்னி மரியாவாக இருப்பவர் அவர்தான். அடுத்த ஆண்டு ஓவியத்தில், தேவதூதன் வந்து நிற்கப் படுக்கையில் சுவரோரமாக ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் மரியாவும் அவரே. தூரிகைக்கு முன்னால் அசையாமல் அமர்ந்திருப்பது எப்படிப்பட்ட வேலை என்பது அவருக்கு உள்ளிருந்து தெரியும்.

1856இல் எழுதிய 'இன் அன் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்டுடியோ' அந்த அறிவிலிருந்து பிறந்தது. ஓவியக்கூடத்தின் எல்லாத் திரைகளிலும் ஒரே முகம்: அரசியாக, பெயரில்லாத பெண்ணாக, புனிதராக, தேவதையாக. ஓவியன் இரவும் பகலும் அந்த முகத்தை உண்டு வாழ்கிறான். அவள் இப்போது இருக்கும் நிலை அவன் கண்ணில் படவில்லை. அவன் கனவில் எப்படி இருக்கிறாளோ அப்படித்தான் தீட்டுகிறான். இதில் வரும் முகம் எலிசபெத் சிடாலுடையது என்பது பொதுவான கருத்து. குற்றச்சாட்டாக ஒரு சொல்கூட இல்லாத இந்தக் கவிதை, ஓவிய மேதை எனக் கொண்டாடப்பட்ட அண்ணனைப் பற்றி எழுதப்பட்டவற்றிலேயே மிகக் கடுமையானது என்று நினைக்கிறேன். கிறிஸ்டினா உயிரோடிருந்தவரை இதை அச்சேற்றவில்லை. 1896இல்தான் வெளிவந்தது.

கால் நூற்றாண்டு கழித்து, 1881 தொகுப்பில், அதே சிந்தனை பெரிய வடிவம் கொண்டது. பதினான்கு சானெட்டுகளால் ஆன 'மோன்னா இன்னொமினாட்டா'வில் பேசுபவள் பெயரில்லாத ஒரு சீமாட்டி. முன்னுரையில் கிறிஸ்டினா தெளிவாகவே சொல்கிறார்: பியாத்ரிச்சேயும் பெட்ரார்க்கின் காதலி லாராவும் பாடல்பெற்று அழியாப் புகழ் அடைந்தார்கள், ஆனால் ஈர்ப்புக் குறைந்தவர்களாகவே நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு முன்பு பாடப்பட்ட பெயரறியாப் பெண்களில் ஒருத்தி தானே பேசியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? ஒவ்வொரு சானெட்டின் தலையிலும் தாந்தேயின் அடி ஒன்று, பெட்ரார்க்கின் அடி ஒன்று. கீழே அந்தப் பெண் பதில் சொல்கிறாள். யார் யாரை அதிகம் நேசித்தார் என்று கணக்குப் பார்க்கிறாள், கணக்கே வேண்டாம் என்கிறாள், முதல் சந்திப்பின் நாளை நினைவில் வைக்காமல் விட்டதற்கு வருந்துகிறாள், கடைசியில் தன் இளமையும் பாட்டும் போனதைச் சொல்லி மௌனத்துக்குள் போகிறாள். அந்த மௌனம் பிறர் அவள்மீது சுமத்தியதல்ல, பதினான்கு முறை பேசிய பிறகு அவளே எடுத்துக்கொண்டது.

சாண்ட்ரா கில்பர்ட்டும் சூசன் கூபாரும் 1979இல் வெளியிட்ட 'தி மேட்வுமன் இன் தி அட்டிக்' என்ற புகழ்பெற்ற நூலில், ரொசெட்டியின் கலையைத் துறப்பின் அழகியல் என்று பார்த்தார்கள். கவிஞராகும் ஆசையையே தண்டித்துப் புதைத்துக்கொண்ட பெண் என்பது அவர்கள் சித்திரம். பெண்ணெழுத்து பற்றிய பேச்சையே மாற்றிய நூல் அது, மறுப்பதற்கில்லை. இருந்தாலும் இந்த இடத்தில் அவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. துறப்பவர் இழக்கிறார் என்று அவர்கள் முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டார்கள். 1857 நவம்பரில், 'எ பர்த்டே' எழுதிய அதே மாதத்தில், கிறிஸ்டினா எழுதிய 'விண்டர்: மை சீக்ரெட்' கவிதையைப் படித்தால் அப்படி நினைக்கத் தோன்றாது. தன்னிடம் ஒரு இரகசியம் இருக்கிறது, சொல்ல மாட்டேன் என்கிறாள் அதில் வரும் பெண். பிறகு, ஒருவேளை இரகசியமே இல்லாமலும் இருக்கலாம் என்கிறாள். குளிருக்குப் போர்த்தியிருப்பதைப்போல முகத்தையும் மூடிக்கொள்கிறாள். கோடை வந்தால் பார்க்கலாம் என்று போக்குக்காட்டுகிறாள். ஆர்வத்தோடு நெருங்கிவரும் ஆளை வைத்து அவள் ஆடும் ஆட்டத்தில் துயரத்தின் சாயல்கூட இல்லை. 1860இல் எழுதிய 'நோ, தேங்க் யூ, ஜான்' இன்னும் நேரடியானது. விடாமல் காதல் யாசிக்கும் ஒருவனிடம், நான் உனக்கு வாக்கு எதுவும் தரவில்லை, நட்பு வேண்டுமானால் கைகொடுக்கிறேன், அதற்குமேல் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறாள்.

மூடிவைப்பதற்கு மதத்திலும் ஒரு வேர் உண்டு. தாயும் மகள்களும் 1840களிலிருந்து ஆல்பனி தெருவின் கிறைஸ்ட் சர்ச்சில் வழிபட்டார்கள். ஆங்கிலத் திருச்சபையைப் பழைய கத்தோலிக்க மரபுக்கு நெருக்கமாக்க முயன்ற ஆக்ஸ்போர்டு இயக்கத்தின் தாக்கம் நிறைந்த ஆலயம் அது. புனித உண்மைகளைச் சந்தையில் கூவி விற்கக் கூடாது, தகுதி பெற்றவருக்குப் படிப்படியாகத் திறக்க வேண்டும் என்று அந்த இயக்கத்தின் ஐசக் வில்லியம்ஸ் எழுதியிருந்தார். அதே வட்டாரத்தில்தான், பார்க் வில்லேஜில், 1845இல் ஆங்கிலத் திருச்சபையின் முதல் பெண் துறவியர் சபை தொடங்கியது. திருமணமும் இல்லை, அண்ணன் வீட்டில் அண்டிப்பிழைப்பதும் இல்லை, பெண்கள் தங்களுக்குள் கூடி உழைத்து வாழும் ஒரு வாழ்க்கை. மரியா பிற்காலத்தில் அப்படியொரு சபையில் சேர்ந்தார். கிறிஸ்டினா சேரவில்லை, ஆனால் அவர் கவிதைகளில் துறவியர் மடத்தின் வாசல் வெளியே வரும் வழியாகவும் உள்ளே போகும் வழியாகவும் மாறிமாறித் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

இந்த இழைகள் யாவும் கூடி முறுக்கேறிய படைப்பு 'காப்ளின் மார்க்கெட்'. 1859 ஏப்ரலில் எழுதப்பட்டது, 1862இல் மேக்மில்லன் வெளியிட்ட அவருடைய முதல் பெரிய தொகுப்பின் தலைப்புக் கவிதை. லாரா, லிஸி என இரு சகோதரிகள். காலையிலும் மாலையிலும் ஓடைப் பள்ளத்தாக்கில் குட்டிப் பிசாசுகள் பழம் கூவி விற்கின்றன. இருபதுக்கும் மேற்பட்ட பழங்கள், எல்லாப் பருவத்துக்கும் எல்லா நாட்டுக்கும் உரியவை, ஒரே கோடையில் ஒன்றாகப் பழுத்துக் கிடக்கின்றன. உலகின் மூலைமுடுக்கிலிருந்து சரக்கு வந்திறங்கிய அன்றைய லண்டன் சந்தையின் வாசனை இந்தக் கூவலில் இருக்கிறது. லாராவிடம் காசு இல்லை. தலையில் பொன் இருக்கிறதே என்கின்றன பிசாசுகள். ஒரு கற்றை முடியை வெட்டிக்கொடுத்து வயிறாரச் சாப்பிடுகிறாள். மறுநாளிலிருந்து பிசாசுகளின் குரல் அவள் காதில் விழுவதில்லை. ஒருமுறை வாங்கியவரைச் சந்தை திரும்பிப் பார்ப்பதில்லை. ஏங்கி ஏங்கி அவள் தேய்கிறாள், தலை நரைக்கிறது. இதே பழத்தைத் தின்று இறந்த ஜீனி என்ற பெண்ணின் கல்லறையில் புல்கூட முளைக்காத கதை லிஸிக்குத் தெரியும்.

லிஸி ஒரு வெள்ளிக் காசை எடுத்துக்கொண்டு போகிறாள். அவள் கேட்பது சாதாரண வியாபாரம்: காசுக்குப் பழம், வீட்டுக்கு எடுத்துப்போக. பிசாசுகளுக்கு அது வேண்டாம். எங்களோடு உட்கார்ந்து தின்ன வேண்டும் என்கின்றன. காசைத் திருப்பிக்கொடுங்கள் என்று அவள் சொன்னதும் பாய்ந்து அடித்து, கிள்ளி, பழங்களை முகத்தில் பிழிந்து தேய்க்கின்றன. அவள் வாயைத் திறப்பதே இல்லை. உதடுகளை இறுக மூடி நிற்கிறாள். ஓய்ந்துபோய்க் காசை வீசிவிட்டுப் பிசாசுகள் மறைகின்றன. முகமெங்கும் வழியும் சாற்றோடு லிஸி வீட்டுக்கு ஓடுகிறாள். அவள் முகத்திலிருந்து அந்தச் சாற்றை லாரா பருகுகிறாள். இப்போது அது நெருப்பாக எரிக்கிறது, அதுவே மருந்தாகிறது.

ரொசெட்டியின் உலகில் வாய் மூடுவது பெரும்பாலும் பேச மறுப்பது. இங்கே அது உண்ண மறுப்பதாக, உடலாக மாறிவிடுகிறது. அந்த மறுப்பின் பலன் தன் கற்பைக் காத்துக்கொள்வதோடு நின்றுவிடவில்லை. பழத்தின் சாறு இல்லாமல் லாரா பிழைத்திருக்க மாட்டாள். லிஸி சந்தைக்குள் போய், அதன் விதிக்கு அடங்காமல், வேண்டியதை எடுத்துக்கொண்டு காசும் குறையாமல் திரும்பிவருகிறாள். ஆசைப்பட்டவள் சாக வேண்டும் என்பது விக்டோரியக் கதைகளில் எழுதப்படாத சட்டம். லாரா சாகவில்லை. முடிவில் இருவரும் தாய்மார்கள், லாரா பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்கிறாள். கணவன்மார் எவரும் கண்ணில் படுவதில்லை.

இந்தக் கவிதை எழுதிய ஆண்டளவில்தான் கிறிஸ்டினா ஹைகேட்டில் இருந்த புனித மரி மக்தலேனா இல்லத்தில் தன்னார்வப் பணியைத் தொடங்கினார். பாலியல் தொழிலிலிருந்து மீண்ட இளம்பெண்கள் அங்கே தங்கி வீட்டுவேலை பழகினார்கள். சுமார் பத்தாண்டுகள் அவர் அங்கே போய்வந்தார். இல்லத்துப் பெண்களுக்காகவே இதை எழுதினார் என்று சிலர் ஊகிக்கிறார்கள். எழுதியவரோ இதில் ஆழ்ந்த உட்பொருள் எதுவும் வைக்கவில்லை என்றே சொல்லிவந்தாராம்; அந்த மறுப்பையும் அவருடைய மற்ற மறுப்புகளோடு சேர்த்துப் படிக்கத்தான் தோன்றுகிறது. கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் இதன் கையெழுத்துப்படியைப் பார்த்து, யாப்பு ஒழுங்கில்லாதது, பதிப்பாளர் எவரும் தொட மாட்டார் என்றார். நீண்டும் குறுகியும், எதுகை எங்கிருந்து வரும் என்று தெரியாமல் ஓடும் அடிகள் அவருக்குப் பிடிக்கவில்லை. பதிப்பாளர் அலெக்சாண்டர் மேக்மில்லன் அதே கவிதையைக் கேம்பிரிட்ஜில் ஒரு தொழிலாளர் சங்கத்தில் வாசித்துக்காட்டினார். முதலில் கேலி செய்கிறாரோ என்று விழித்தவர்கள் பிறகு மெய்மறந்து கேட்டு, முடிந்ததும் கைதட்டினார்கள். யாப்பைப் பற்றிய தீர்ப்பில் அந்தத் தொழிலாளர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

மரணத்தைப் பற்றி நிறைய எழுதியவர் என்பதால் அவரை நோயாளி மனம் கொண்டவராக நினைப்பவர்கள் உண்டு. உடல்நலம் அவருக்கு இளமையிலிருந்தே சரியில்லைதான். ஆனால் அவருடைய இறந்தவர்கள் அழுவதில்லை, கவனிக்கிறார்கள். 1849இல் எழுதிய 'ஆஃப்டர் டெத்' சானெட்டில் படுக்கையில் கிடத்தப்பட்ட பெண், தன்மேல் குனிந்து பரிதாபப்படும் ஆணின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உயிரோடு இருந்தபோது அவன் அவளை நேசிக்கவில்லை. இறந்ததும் இரக்கம் வருகிறது. அவன் உடம்பில் இன்னும் சூடு இருப்பது அவளுக்கு இனிமையாக இருக்கிறது என்று முடிக்கிறாள். அவன் எதுவும் கேட்க முடியாத, தான் எதுவும் தர வேண்டியிராத இடத்திலிருந்து வரும் பேச்சு அது. இறந்தவர்கள் இறுதித் தீர்ப்பு நாள்வரை உறங்குகிறார்கள் என்ற கோட்பாட்டை அவர் நம்பினார் என்று ஜெரோம் மெக்கான் 1983இல் எழுதிய கட்டுரை இந்தக் கவிதைகளைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவியது. சொர்க்கமும் இல்லை, நரகமும் இல்லை; இடையில் ஒரு நீண்ட ஓய்வு. யாருக்கும் கடன்படாத அந்த ஓய்வை அவர் ஆசையோடு பாடினார்.

இத்தனை நுட்பமாக மறுக்கத் தெரிந்தவர் தன் காலத்தின் எல்லாவற்றையும் மறுத்தார் என்று சொல்ல முடியாது. இந்திய வாசகர்கள் படித்தே ஆகவேண்டிய கவிதை ஒன்று உண்டு: 'இன் தி ரவுண்ட் டவர் அட் ஜான்சி, ஜூன் 8, 1857'. கிளர்ச்சியாளர் சூழ்ந்த கோட்டையில் ஆங்கிலேய அதிகாரி ஸ்கீன், மனைவியைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டதாக லண்டன் பத்திரிகைகளில் செய்தி வந்தது. கணவனும் மனைவியும் கடைசியாகப் பேசிக்கொள்ளும் அந்தச் சில கணங்களை அவர் உருக்கமாக எழுதினார். வெளியே நிற்பவர்களுக்கு முகமோ காரணமோ இல்லை, ஊளையிடும் கும்பல் மட்டும்தான். செய்தியே தவறானது. அவர்கள் சரணடைந்த பிறகு கொல்லப்பட்டவர்கள். 1875 பதிப்பில் கவிதையை வைத்துக்கொண்டே, இது வரலாற்று உண்மை அல்ல என்று ஒரு குறிப்பைச் சேர்த்தார். குறிப்பு நேர்மையானது. ஆனால் முகமில்லாத அந்தக் கும்பலை அது எட்டவே இல்லை. ஜான்சி கவிதைக்கு அடுத்த சில ஆண்டுகளில், பஞ்சு வராமல் பட்டினி கிடந்த லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்களுக்கு நிதி திரட்டிய தொகுப்புக்கு அவர் தந்த 'எ ராயல் பிரின்சஸ்' கவிதையில், பசித்த கூட்டத்துக்கு நடுவே தன் பொன்னை எடுத்துக்கொண்டு இறங்கிப்போகிறாள் இளவரசி. சொந்த நாட்டுப் பசியை அவருக்கு அருகில் போய்ப் பார்க்கத் தெரிந்தது. ஜான்சியை நாளிதழின் தூரத்திலிருந்தே பார்த்தார்.

பெண்களின் வாக்குரிமையையும் அவர் ஆதரிக்கவில்லை, விவிலியம் ஆணையும் பெண்ணையும் வேறுவேறாக வைத்திருக்கிறது என்று நம்பினார். ஆதரவு கேட்ட கவிஞர் அகஸ்டா வெப்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில், வாக்குரிமை தருவதானால் நாடாளுமன்றத்திலும் ஏன் பெண்கள் உட்காரக் கூடாது என்றும் கேட்டார். இந்த முரணைச் சரிசெய்து அவரை நம் பக்கம் இழுத்துக்கொள்ளத் தேவையில்லை. அவருடைய துணிவு கவிதையில்தான் இருந்தது.

அதற்குச் சான்றாக ஒரு கவிதையைச் சொல்வேன், அதிகம் படிக்கப்படாதது. 1866 தொகுப்பில் வந்த 'அண்டர் தி ரோஸ்'. மணமாகாத உயர்குலப் பெண்ணுக்கு மறைவாகப் பிறந்து, செவிலியிடம் வளர்ந்து, பிறகு அதே சீமாட்டியின் மாளிகையில் ஆதரவற்றவளாக வைத்துக்கொள்ளப்பட்ட மகள் பேசுகிறாள். அந்தச் சீமாட்டிதான் தாய் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. கேட்க மாட்டேன், அம்மாவே ஒருநாள் சொல்லட்டும் என்று இருக்கிறாள். திருமணம் செய்து கணவன் பெயரை வாங்கிக்கொள்ளவும் மறுத்துவிடுகிறாள், பெயரில்லாமலேயே கல்லறைக்குப் போகத் தயார். இது ஒரு பெண் கவிஞர் தொடக்கூடிய பொருளே அல்ல என்று தாந்தே கேப்ரியேல் எதிர்த்தார். அப்படிப்பட்ட அனுபவம் தனக்கு இல்லை, அதற்காகக் கடவுளுக்கு நன்றி, ஆனாலும் மற்ற எத்தனையோ அறியாதவற்றைப் படைப்பதைப்போல இந்தப் பெண்ணையும் கவிமனம் தன்னுள்ளிருந்தே படைக்க முடியாதா என்று கிறிஸ்டினா பதில் எழுதினார். கவிதைக்குப் பின்னால் காதலரைத் தேடியலைந்த அத்தனை பேருக்கும் அவரே முன்கூட்டி எழுதிவைத்த பதில் அது. கவிதையைத் தொகுப்பிலிருந்து எடுக்கவில்லை. 1875 பதிப்பில் தலைப்பை மட்டும் மாற்றினார். ஆங்கிலத்தில் 'இரகசியமாக' என்று பொருள்படும் பழைய தலைப்பு மறைவில் நடந்ததைச் சுட்டியது. தந்தையரின் அக்கிரமம் பிள்ளைகள்மேல் விழுவதைப் பற்றிய விவிலியத் தொடரைப் புதிய தலைப்பாக வைத்தார். கவிதை முழுவதும் எங்கோ ஒளிந்திருந்த அந்தத் தகப்பன் அதன் நெற்றியிலேயே வந்து நின்றான்.